வைரசைப் பளிங்காக்கிய ஸ்ரான்லி

கண்ணுக்குப் புலப்படாத பகைவனைப் பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தல் இயலுமா? இயலும் என்று காட்டியவர் வென்டெல் மெரெடித் ஸ்ரான்லி. அவர்தம் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்று எனக் கருதி ஈண்டுச் சுருக்கமாகத் தருகின்றோம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், றிட்ஜ்வில் என்னும் சிற்றூரில், 1904 ஆகஸ்ட் 16ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் ஊர்ச் செய்தித்தாள் நடத்தினர். செய்தி திரட்டவும் எழுத்துக் கோக்கவும் சிறுவன் ஸ்ரான்லி உதவினான். கல்லூரியில் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரராகத் திகழ்ந்தவர், ஆட்டப் பயிற்றுநராகவே விரும்பினார். இலினோய் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியர் ரொஜர் அடம்ஸைச் சந்தித்தமை அவர் பாதையை மாற்றியது. 1929இல் அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்றார்.

புகையிலைச் செடியின் இலைகளில் திட்டுத்திட்டாகப் படரும் நோய் ஒன்றுண்டு. பற்றீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் அந்நோய்ச் சாறு கடந்து செல்வதை 1892இல் இவனோவ்ஸ்கி கண்டார். சாற்றில் இருப்பது உயிரா, வெறும் பொருளா? விடைகாண, பிரின்ஸ்ரன் நகரில் அமைந்த ரொக்பெல்லர் ஆய்வுகூடத்தில் ஸ்ரான்லி முனைந்தார்.

நோயுற்ற இலைகளை உறையவைத்து அரைத்துச் சாறு பிழிந்தார். அமோனியம் சல்பேற்று உப்பினைச் சேர்த்து வைரசை வீழ்படிவாக்கினார். அதனைக் கரைத்து, வடித்து, மீண்டும் வீழ்படிவாக்கினார். சலியாது இவ்வாறு செய்து, 1935இல் ஊசிபோன்ற நுண்பளிங்குகளைப் பெற்றார். பன்முறை பளிங்காக்கிய பின்னும், அதன் கரைசலை நலமான இலையில் தேய்த்தபோது நோய் தோன்றியது. உப்பைப்போலப் பளிங்காகும் பொருள் உயிரியைப்போலப் பெருகியது கண்டு அறிவுலகம் வியந்தது.

ஆயினும், அப்பளிங்கு முழுவதும் புரதமே என அவர் கூறியது பிழையாயிற்று. அதில் நியூக்கிளிக் அமிலமும் உண்டென 1936இல் போடன், பிரீ என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் காட்டினர். சிறிதளவே இருந்த அவ்வமிலமே நோயைப் பரப்பும் ஆற்றலுடையது என்பது 1956இல் தெளிவாயிற்று. அதனை நிறுவியோருள், பேர்க்லியில் ஸ்ரான்லி அமைத்த வைரசு ஆய்வுகூடத்து அறிஞரும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கோழிமுட்டைக் கருவில் வளர்த்த இன்புளுவென்சா வைரசை, அதிவேகமாகச் சுழலும் மையநீக்கப் பொறியால் பிரித்துச் செறிவாக்கித் தடுப்பூசி ஆக்கும் முறையை வகுத்தார். 1946இல் சம்னர், நோர்த்ரப் ஆகியோருடன் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1971 ஜூன் 15ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் இயற்கை எய்தினார்.

மாணவச் செல்வங்களே! பேரறிஞரும் பிழைபடுவர், பிறர் திருத்த, அறிவு வளரும். விடாமுயற்சியோடு, பிழையை ஏற்கும் பண்பையும் நாம் வளர்த்துக்கொள்வோமாக.