தானியத்தைத் தடுத்த தலைவர்

போர்முரசு கொட்டாமலும் வாளை உருவாமலும் ஓர் ஊரைப் பணியவைக்க இயலும். அதற்கு வரும் உணவை நிறுத்திவிட்டாலே போதும். அவ்வாயுதத்தை ஏந்தியவர் ஸுமாமா இப்னு உஸால் (ரலி) அவர்கள். அதனைக் கீழே வைக்கப் பணித்தவர்களோ, அதன் கொடுமையைத் தாமே அனுபவித்தறிந்த நம் பெருமானார் (ஸல்) அவர்கள்!

இன்றைய ரியாத் நகரைச் சூழ்ந்த நிலப்பகுதியே அன்றைய யமாமா. அங்கு வாழ்ந்த பனூ ஹனீஃபா குலத்தின் தலைவர்களுள் ஒருவரான ஸுமாமா, மதீனாவிலிருந்து நஜ்துக்குச் சென்ற குதிரைப் படையினரிடம் சிறைப்பட்டார். பள்ளிவாயிலின் தூணொன்றில் அவர் கட்டப்பட்டார். அண்ணலார் மூன்று நாட்கள் அவரிடம் வந்து உரையாடினார்கள். பின்னர், மீட்புப் பொருள் எதுவும் பெறாமலே விடுவித்தார்கள். அருகிலிருந்த பேரீச்சந்தோப்புக்குச் சென்று குளித்துத் திரும்பிய ஸுமாமா, கலிமா மொழிந்து இஸ்லாத்தைத் தழுவினார்.

அண்ணலாரின் அனுமதியுடன் அவர் உம்ராவுக்காக மக்கா சென்றார். முன்னோர் மார்க்கத்தைக் கைவிட்டதாகக் குறைஷியர் பழித்தனர், கொல்லவும் முனைந்தனர். யமாமாவின் தானியம் தங்களுக்குத் தேவை என்பதை அவர்களுள் ஒருவர் நினைவூட்டவே, விட்டுவிட்டனர். இனி நபிகளாரின் அனுமதியின்றி ஒரு மணிக் கோதுமையும் யமாமாவிலிருந்து வராது என அவர் அறிவித்தார். ஊர் திரும்பியதும் அவ்வாறே செய்தார்.

மக்காவோ பயிர் விளையாத பாறைப் பள்ளத்தாக்கு. பசி வாட்டியபோது குறைஷியரின் செருக்கு தளர்ந்தது. உறவைப் பேணுமாறு போதிக்கும் தாங்கள் எங்களைப் பட்டினி போடலாமா என்ற கருத்தில், அண்ணலாருக்கே மடல் விடுத்தனர்!

இதே குறைஷியர் அண்ணலாரின் குடும்பத்தாருக்கு இழைத்தது என்ன? கொள்வினை கொடுப்பினை கூடாதென உடன்படிக்கை எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டு, பனூ ஹாஷிம் குலத்தாரை அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒதுக்கிவைத்தனர். குழந்தைகள் பசியால் கதறினர்; பெரியோர் இலைதழைகளை உண்டனர். இக்கொடுமை கி.பி. 619ஆம் ஆண்டளவில்தான் நீங்கியது.

பழிதீர்க்க நல்வாய்ப்பு கிட்டியிருந்தும், தானியத்தை அனுப்புமாறு அண்ணலார் ஸுமாமாவுக்கு எழுதினார்கள். அவர்களும் உடனே பணிந்தார்கள். மக்கா அப்போதும் பகைவர் நகரமே. ஆயினும் உணவின் கதவை அடைத்தால் முதலில் வாடுவது தலைவர்களல்லர், குழந்தைகளே. கணவாயில் அந்த அழுகுரலைக் கேட்ட செவிகள் அதை மறக்கவில்லை.

கி.பி. 632இல் அண்ணலார் மறைந்தபின், பொய்த்தூதன் முஸைலிமாவைப் பனூ ஹனீஃபாவினர் பெருந்திரளாகப் பின்பற்றினர். ஸுமாமா (ரலி) அவர்களோ தம் குலத்தாரையே எதிர்த்து ஈமானில் உறுதியாக நின்றார்கள். பிறகு பஹ்ரைன் பகுதியில் நடந்த போருக்குச் சென்று, அங்கேயே உயிர் நீத்தார்கள்.

இன்றும் நாடுகள் ஒன்றையொன்று பணியவைக்க உணவையும் மருந்தையும் தடுக்கின்றன. தடுக்கும் வலிமை ஸுமாமாவிடமும் இருந்தது. தூணில் கட்டுண்டிருந்த அவரை அவிழ்த்துவிட்ட அதே கருணைதான், பசித்த பகைவரின் பிடியையும் தளர்த்தியது என்பதை நாம் மறத்தலாகாது.