தோளை உதைத்த துப்பாக்கி

கந்தளாய்க் குளத்துக்குத் தெற்கே, மின்னேரியா ஏரிக்கரையில் யானை வேட்டையாடிய ஆங்கிலேயருள் சாமுவேல் பேக்கர் பெயர்பெற்றவர். 1821இல் இலண்டனில் பிறந்தவர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தார்.

1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் அவர் செய்வித்த துப்பாக்கியின் எடை 21 இறாத்தல். ஏன் இத்துணைப் பாரம்? கால் இறாத்தல் குண்டை முன்னே தள்ளும் வெடிமருந்து, துப்பாக்கியைப் பின்னே தள்ளாது விடுமா? கருவி கனக்கக் கனக்க உதையின் வேகம் தணியும். அடிக்கட்டை தோளில் அகலப் பொருந்தினால் அடி ஓரிடத்தில் குத்தாமல் பரவும். இன்று கடுமையாக உதைக்கும் சுழல் துப்பாக்கிக்கு மாற்றுக் கைப்பிடி தேடுவோர், உள்ளங்கையை நிறைக்கும் வடிவத்தை நாடுவதும் இதனாலேயே. பேக்கரோ கட்டுடல் வாய்ந்தவர், பாரத்தை அஞ்சவில்லை. அத்துப்பாக்கிக்கு இரையான யானைகளை எண்ணினால் நெஞ்சம் நோகிறது. அன்றைய அரசு, கொன்ற யானைக்குச் சன்மானமும் வழங்கிற்று!

1861இல் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டவர், அரை இறாத்தல் குண்டு சுடும் துப்பாக்கி ஒன்றையும் கொண்டு சென்றார். குண்டு இருமடங்காயிற்று, துப்பாக்கியின் எடை அதற்கேற்ப உயரவில்லை. அரபு வேட்டைக்காரர் அதனைப் பீரங்கியின் பிள்ளை என்றனர். பேக்கர் குழந்தை என்று சுருக்கிக்கொண்டார். அக்குழந்தை சுட்டவரையே பம்பரமாகச் சுழற்றியது. மதயானைக்கு அஞ்சாதவர் தம் கைத்துணைக்கு அஞ்சி, அதனை அரிதாகவே எடுத்தார்.

1864இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டார். 1866இல் சர் பட்டம் பெற்றார். 1893இல் மறைவதற்கு மூன்றாண்டு முன்னர் வெளியிட்ட வனவிலங்கு நூலிலும், துப்பாக்கியைக் குறித்தே முதலில் பேசத் தொடங்கினார்.