விழா முடிந்தது, வேலை முடியவில்லை!

1863 ஜனவரி 1. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே டிரெமாண்ட் மண்டபம் நிரம்பி வழிகிறது. அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்திலே குடியரசுத் தலைவர் லிங்கன் கையெழுத்திட்டாரா? தந்திக்குக் காத்திருக்கிறார்கள். இரவு மணி பத்தைத் தாண்டிய பிறகே செய்தி வந்தது. ஆனந்தக் கூத்து! நள்ளிரவில் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். கூட்டமோ கலையவில்லை. தப்பி வந்த அடிமைகளுக்குப் புகலிடமாயிருந்த பன்னிரண்டாம் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குச் சென்று, விடியும் வேளைவரை விழா எடுத்தது.

அக்கூட்டத்திலே நின்றவர் பிரெடரிக் டக்ளஸ்.

1818இல் மேரிலாந்து மாநிலத்திலே அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவர். அடிமைக்கு எழுத்து ஆகாது என்றான் ஆண்டை. தெருச் சிறுவர்களிடம் களவாய்க் கற்றார். பால்டிமோர் துறைமுகத்திலே மரக்கப்பலின் பலகை இடுக்குகளைச் சணலும் கீலும் வைத்து அடைக்கும் தொழிலாளியானார். உழைப்பு இவருடையது, கூலி ஆண்டையுடையது! 1838இல் மாலுமி வேடமிட்டுத் தப்பினார். நியூ பெட்போர்டிலே அதே தொழிலைத் தேடிப் போனார். கறுப்பரோடு வேலை செய்யோம் என்றனர் வெள்ளைத் தொழிலாளர். விறகு அறுத்தார், கரி அள்ளினார். தேவாலயத்திலும் நிற பேதம் கண்டு வெளியேறி, கறுப்பின மக்களே நடத்திய சீயோன் திருச்சபையிலே சேர்ந்தார். அங்கே பேச்சுக்கலை பயின்றார்.

விழா முடிந்தது. ஓய்ந்தாரா? இல்லை. பிரகடனம் கிளர்ச்சி செய்த தென் பகுதிகளுக்கு மட்டுமே. அவர் பிறந்த மேரிலாந்தின் அடிமைகளுக்கு 1864 நவம்பரிலேதான் விடுதலை. படைக்கு ஆள் திரட்டினார். தம் மைந்தர் இருவரை அனுப்பினார். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், கறுப்புச் சிப்பாய்க்குக் கைக்கு 7 டாலர். லிங்கனிடமே நேரில் சென்று நியாயம் கேட்டார். 1864இல் சமச் சம்பளச் சட்டம் வந்தது.

1865இல் அடிமை முறை நாடெங்கும் ஒழியும் வேளை. பணி முடிந்தது, அடிமை ஒழிப்புச் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்றார் அதன் தலைவர் காரிசன். டக்ளஸ் எதிர்த்தார். வாக்குரிமை அற்றவனுக்கு விடுதலை முழுமையாகாது என்பது அவர் வாதம். சங்கம் நிலைத்தது. நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1870இல் நிறைவேறிய பிறகே கலைந்தது.

ஏட்டில் வந்த உரிமை நாட்டில் நிலைக்கவில்லை. தென்னாட்டிலே கறுப்பரைக் கும்பலாய்ச் சூழ்ந்து கொல்லும் கொடுமை பெருகிற்று. 1894 ஜனவரியில், 75 வயதில், வாஷிங்டன் மெட்ரோபாலிடன் தேவாலயத்திலே அதைக் கண்டித்து முழங்கினார். 1895 பிப்ரவரி 20இல் மறைந்தார். அதே தேவாலயத்திலேதான் இறுதி வழிபாடு நடைபெற்றது.

தோழர்களே! வெற்றி கண்டால் விழா எடுப்போம். ஆனால் கொடியை மடித்து வைக்குமுன், எவனுடைய விலங்கு இன்னும் அறுபடவில்லை என்று பார்ப்போம். டக்ளஸ் பார்த்தார்.