இல்லந்தோறும் நூல் ஈந்த நாவலர்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ல் தோன்றிய ஆறுமுக நாவலர், இளமையில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றார். மறைநூல் அச்சேறி வீடுதோறும் புகுவதன் வலிமையை ஆங்கே உணர்ந்தார் என்பது நம் கருத்து. 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின் அச்சுக்கூடமும் அமைத்தார். கற்றோர்க்கே எட்டிய பெரிய புராணத்தை 1852-ல் உரைநடையில் வெளியிட்டார். சிறுவர்க்குப் பாலபாடமும் சைவ வினாவிடையும் இயற்றினார். இல்லறம் புகாது உழைத்து 1879-ல் மறைந்தார்.

நாடிழந்து சிதறிய யூதரும் இல்லத்தில் மறைநூல் ஓதியே தம் நெறியைக் காத்தனர். ஊர் விட்டுப் பெங்களூர் வந்த நமக்கும் அஃதே வழி. நம் பூசையறையில் பெரிய புராணம் குங்குமப் பொட்டுடன் விரிக்கப்படாமலே இருக்கிறது. நாவலர் அதனை அச்சிட்டது வணங்குதற்கு மட்டுமன்று, வாசித்தற்கே. விளக்கேற்றியபின் நாளும் ஒரு பக்கமேனும் பிள்ளைகளுடன் ஓதுவோமாக!