நூல்நிலையக் கல்வியும் ஸ்ரீ ரங்கநாதனாரும்

சீகாழியில் 1892-ம் ஆண்டு பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்ற ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதனாரை நூல்நிலைய சாஸ்திரத்தின் தந்தையென இன்று நாம் போற்றுகின்றோம். ஆயின் அத்தொழிலில் அவருக்கு முதலில் மனம் பற்றவேயில்லை. 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூல்நிலையத் தலைவராக அமர்ந்தார். மாணாக்கர் சூழ இருந்து பழகியவருக்கு, வாசிப்போர் அருகிய அவ்விடத்தின் தனிமை சில நாட்களிலேயே பொறுத்தற்கரியதாயிற்று. பழைய ஆசிரியர் பதவியையே மீண்டும் தரும்படி பிரஸிடென்ஸிக் கலாசாலைத் தலைவரை வேண்டினார். லண்டன் சென்று பயின்று வந்த பின்னும் மனம் மாறாவிடின் திரும்பி வரலாமென்று அவர் தேற்றி அனுப்பினார்.

லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் பெர்விக் ஸேயர்ஸ் என்னும் அறிஞரிடம் நூற்பகுப்பு முறையைக் கற்றார். கற்றதோடு அமையாது, பல நூல்நிலையங்களை நேரிற் கண்டார். எல்லாத் தரத்தினரும், சிறுவருங்கூட, உரிமையுடன் நூலெடுத்துச் செல்லும் காட்சி அவர் மனத்தை அடியோடு மாற்றியது. வழங்கிவந்த பகுப்புமுறைகள் புதிது புதிதாய்த் தோன்றும் அறிவுத்துறைகளுக்கு இடந்தரமாட்டா என்பதையும் உணர்ந்தார். அக்காலத்தே, சில துண்டுகளையே வெவ்வேறு விதமாய்ப் பூட்டிப் பல உருவங்கள் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை ஒரு கடையிற் கண்டார். 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு வித்து அதுவே. கடையிற் பெற்ற அப்பாடத்தைக் கலாசாலைப் பாடத்தினும் சிறியதென நாம் கருதோம்.

1925-ல் மீண்டவர் பழைய பதவியை நாடவில்லை. 1929-ல் சென்னையில் நூல்நிலையப் பயிற்சி வகுப்புத் தொடங்கியபோது, விட்டுவந்த ஆசிரியத் தொழில் அவரைத் தேடி வந்தது. பிற்காலத்தில் தமது சேமிப்பினின்றும் லட்ச ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கே ஈந்து, மனைவியார் சாரதா அம்மையாரின் பெயரால் நூல்நிலைய சாஸ்திரப் பேராசிரியர் பதவியொன்றை நிறுவினார்.