மதுவம் வளர்த்த எமில் ஹன்சன்

பியர் என்னும் பானத்தோடு தொடர்புடைய ஒருவரின் வரலாற்றை ஓர் ஆசிரியன் எழுதப் புகுவதைக் கண்டு அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும். விஞ்ஞான வகுப்பிலே மதுவம் என்றதும் பாஸ்டரின் பெயரைச் சொல்லி அப்பால் நகர்ந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நகர்ந்தவன். சென்ற ஆண்டு ஒரு மாணவி, கண்ணுக்குத் தெரியாத மதுவக் கலங்களுள் ஒன்றை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிச் சென்றபோதுதான் எமில் கிறிஸ்தியன் ஹன்சனை நான் சந்தித்தேன்.

டென்மார்க்கின் பழைய சிறுநகரமாகிய ரீபேயில் 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் பிறந்தவர் அவர். வறிய குடும்பம். இளமையிலே சுவர்களுக்கு வர்ணம் பூசும் தொழிலைக் கற்றார். சுவர்களை விட்டுச் சித்திரத் திரைக்குச் செல்ல வேண்டுமென்ற ஆசை அவர் உள்ளத்தில் இருந்தது, அது கைகூடவில்லை. பின்னர்ப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். மற்றையோர் கல்வியை முடித்துப் பதவியில் அமரும் வயதிலேதான், முப்பதை நெருங்கும் வேளையில், கொபன்ஹேகன் பல்கலைக்கழக வாயிலை அவர் மிதித்தார். படிப்புச் செலவுக்காகக் கதைகள் எழுதி விற்றார். விலங்கியல் அறிஞர் ஸ்தேன்ஸ்த்ரூப்பிடம் ஊதியமின்றி உதவியாளராக இருந்தார். டார்வினின் கடற்பயண நூலை நண்பரொருவரோடு சேர்ந்து டேனிய மொழியில் பெயர்த்தார். 1876இல், எருவிலே முளைக்கும் பங்கசுகளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைக்காகப் பல்கலைக்கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. சாணத்தைக் கிளறியவருக்குப் பொன் கிடைத்த கதை எங்கள் மாணவர்க்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி, அவரை ஏற்றுக்கொண்ட இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். யாக்கொப் கிறிஸ்தியன் யாக்கொப்சன் என்பவர் கொபன்ஹேகனில் பியர் வடித்தவர். குளிரிலே மெல்ல நொதித்து, அடியிலே படியும் மதுவத்தால் ஆக்கப்படும் பவேரியப் பியரில் அவருக்குப் பெரும் பற்று. 1845இல் மியூனிச் நகரத்து ஸ்பாத்தன் ஆலையிலிருந்து இரண்டு பாத்திரங்களில் அந்த மதுவத்தைப் பெற்று, குதிரை வண்டியிற் பயணஞ் செய்தார். வண்டி நின்ற இடமெல்லாம் இறங்கித் தண்ணீர் ஊற்றிப் பாத்திரங்களைக் குளிரச் செய்தாராம். வெப்பம் ஏறினால் மதுவம் மடிந்துவிடும் என்ற அச்சம். அவ்வாறு வந்து சேர்ந்த மதுவத்தின் வழித்தோன்றல்களைக் கொண்டே 1847இல் கால்ஸ்பேர்க் ஆலை தொடங்கிற்று. 1875இல் அவ்வாலையோடு ஓர் ஆய்வுகூடத்தையும் அவர் நிறுவினார். அங்கே காணப்படும் பயனுள்ள எந்த முடிவையும் மறைத்து வைத்தலாகாது என்பது அவர் விதித்த ஒழுங்கு. சில ஆண்டுகளில் ஹன்சன் அங்கே வந்து சேர்ந்தார். 1879இல், பியரிலும் அதன் மூலச் சாற்றிலும் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு முதல் உயிர் காக்கும் மூச்சு ஓய்ந்த நாள் வரை, முப்பது ஆண்டுகள், உடற்றொழிலியற் பகுதியின் தலைவராக அங்கேயே இருந்தார்.

அக்காலத்துப் பியர் ஆலைகளின் வழக்கம் யாதெனில், ஒரு தொட்டியின் அடியிற் படிந்த மதுவத்தை அள்ளி அடுத்த தொட்டியில் இடுவது. எங்கள் வீட்டில் அப்பாச்சி அப்பத்துக்கு மாக் கரைக்கும்போது சிறிது கள்ளு விட்டுப் புளிக்க வைப்பார்; ஒரு நாள் அப்பம் பூப்போல வரும், மறு நாள் கசக்கும். குற்றம் கள்ளிலா மாவிலா என்று எவரும் ஆராய்ந்ததில்லை. ஆலைகளிலும் அதே நிலைதான். ஆனால் அங்கே ஒரு தொட்டி கெட்டால் ஆயிரக்கணக்கான லீற்றர் வீணாகிவிடும். பாஸ்டர் 1876இல் வெளியிட்ட பியர் பற்றிய நூலில், கெடுதிக்குக் காரணம் பற்றீரியாக்களே என்று நிறுவியிருந்தார். பாஸ்டரிடம் யாக்கொப்சன் வைத்திருந்த மதிப்போ மிகப் பெரிது. அவருடைய மார்பளவுச் சிலையைச் செய்வித்து ஆய்வுகூடத்தில் வைத்தவர் அவர். அந்தச் சிலையின் முன்னிலையிலே, பாஸ்டர் சொன்னது பாதி உண்மை என்று ஹன்சன் சொல்லவேண்டியிருந்தது. பற்றீரியா அறவே இல்லாத பியரும் கெடுகிறது; மதுவத்துக்குள்ளேயே நல்லதும் தீயதும் உண்டு; தீயவை காட்டு மதுவங்கள் என்பது அவர் கொள்கை.

இதனை எவ்வாறு நிறுவுவது? நுணுக்குக்காட்டியின் கீழ் நல்ல மதுவமும் தீயதும் ஏறத்தாழ ஒரே தோற்றமுடையன. ஹன்சன் பாரிஸ் சாந்தினாற் செய்த சிறு கட்டிகளை நனைத்து, அவற்றின் மேல் மதுவத்தைப் பரப்பி, குறித்த வெப்பநிலைகளில் வைத்தார். உணவு கிடையாத நிலையில் மதுவம் தன் கலத்துள்ளே வித்திகளை உண்டாக்கும். காட்டு மதுவம் விரைவிலே வித்தியிடும். ஆலை மதுவம் பிந்தியே இடும். சுவருக்குச் சாந்து பூசுவோரோடு பழகிய கைக்கு இந்த எண்ணம் எளிதாக வந்திருக்கும் என்று எண்ணுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. இன்னொரு மதுவ இனம் கோடையிலே கனிந்த பழங்களின் மேல் வாழ்கிறது. குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்று தேடி, பழமரங்களின் அடி மண்ணைத் தோண்டிப் பார்த்து, அங்கே அது உறங்குவதையும் அவர் கண்டார்.

மாணவியின் வினாவுக்கு விடை இதற்குப் பின்னரே வருகிறது. ஹன்சன் சிறிது மதுவத்தைக் கிருமி நீக்கிய நீரிலே கலக்கி, ஒரு சிறு துளியில் எத்தனை கலங்கள் உள்ளன என்று எண்ணினார். பின்னர், இரண்டு கனசதமமீற்றருக்கு ஒரு கலம் என்ற அளவுக்கு அதை ஐதாக்கினார். அந்நீரில் ஒவ்வொரு கனசதமமீற்றராக எடுத்து, காய்ச்சி ஆறிய வாற்கோதுமைச் சாறு கொண்ட பல குடுவைகளில் விட்டார். நன்கு குலுக்கி அசையாது வைத்தார். சில குடுவைகளில் ஒன்றும் முளைக்கவில்லை. சிலவற்றில் இரண்டு மூன்று வெண்புள்ளிகள். எந்தக் குடுவையில் ஒரே ஒரு புள்ளி தோன்றிற்றோ, அது ஒரே கலத்தின் குடும்பம். பிற்பாடு றொபேட் கொக்கின் முறையைத் தழுவி, ஜெலற்றின் கலந்த சாற்றிலே ஒரு கலத்தைப் பதித்து, அது பெருகுவதைக் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்தார்.

1883இல் பழைய கால்ஸ்பேர்க் ஆலையின் பியரே கசந்து நாறத் தொடங்கியது. யாக்கொப்சன் குதிரை வண்டியிற் காத்துக் கொணர்ந்த மதுவத்தின் மரபு கெட்டுவிட்டது. ஹன்சன் அதனுள் நான்கு வகை மதுவங்களைப் பிரித்தார். அவற்றுள் ஒன்றே நல்ல பியரைத் தந்தது. ஒரே கலத்தின் சந்ததியை நம்பி ஓர் ஆலையை நடத்துவதா என்று முதலில் தயங்கிய முதியவர், இறுதியில் இணங்கினார். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் அந்தத் தூய மதுவம் தொட்டியில் இடப்பட்டது. பியர் தேறிவிட்டது.

ஒரு கலத்திலிருந்து ஒரு தொட்டிக்கு எப்படிப் போவது? சிறிய குடுவையிலிருந்து பெரியதற்கு, அதிலிருந்து அதனினும் பெரியதற்கு, பின்னர் ஈயம் பூசிய செப்புக் கலத்துக்கு என்று படிப்படியாகவே ஹன்சன் சென்றார். திடீரெனப் பெருந்தொட்டியிலே இட்டால், மதுவம் பெருகுமுன் வேற்றுயிர்கள் முந்திக்கொள்ளும். கரும்பலகையிலே நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 20 லீற்றர் குளிர்நொதிப் பியருக்கு ஏறத்தாழ 40,000 கோடிக் கலங்கள் வேண்டும். ஒரு கலம் 39 தடவை இரட்டித்தால் போதும்! மாணவர் நம்ப மறுத்து மறுபடியும் பெருக்கினர். பின்னர் ஆலையிற் பணிபுரிந்த கியூலே என்பவரோடு சேர்ந்து, தூய மதுவத்தைத் தொடர்ந்து வளர்க்கும் பொறியொன்றையும் ஹன்சன் அமைத்தார்.

இந்தப் படிமுறைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பிற நாடுகளில் வீட்டளவிற் பியர் வடிப்போர், விலை கொடுத்து வாங்கிய மதுவத்திலிருந்து ஒரு துளியை எடுத்து, முதலில் 10 மில்லிலீற்றர் சாற்றிலும், பின்னர் 100 அல்லது 200இலும், அதன் பின் ஒன்றிரண்டு லீற்றரிலும் வளர்க்கின்றனர். கருவிகள் ஒரு பிரஷர் குக்கரும் சில போத்தல்களுமே. சாறு ஐதாக இருத்தல் வேண்டும். காற்றுப் படும்படி அடிக்கடி குலுக்குதல் வேண்டும். மதுவத்தைச் சேமித்து வைப்பதற்கு ஹன்சன் கண்ட வழியோ இன்னும் எளிது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சீனி கரைத்த, கிருமி நீக்கிய நீரில் சிறிது மதுவத்தை இட்டு மூடினால், வளர்வதற்கு வேண்டிய நைதரசன் உணவு இன்மையால் அது பெருகாமல், மடியாமல், ஆண்டுக்கணக்கிற் கிடக்கும்.

யாக்கொப்சன் தம் விதியைத் தாமே மீறவில்லை. கேட்ட ஆலைகளுக்கெல்லாம், போட்டியாளர் என்று பாராமல், தூய மதுவம் விலையின்றி அனுப்பப்பட்டது. 1887இல் அவர் மறைந்தார். ஹன்சனுக்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. ஒற்றை மதுவத்தால் நிறைந்த சுவை வராது என்று ஆங்கில நாட்டார் பலர் ஒதுங்கி நின்றனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நெடுநாள் வைத்து முதிர்விக்கும் ஆங்கிலப் பியரின் மணத்துக்கு வேறொரு மதுவம் காரணம் என்று 1904இல் கால்ஸ்பேர்க்கைச் சேர்ந்த கிளாவுசன் காட்டினார். ஹன்சன் காட்டு மதுவங்களை எல்லாம் ஒரே பகையாகக் கண்டது சற்று மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1908இல் தம் மதுவத்துக்கு ஆலையின் பெயரைச் சேர்த்து சக்கரோமைசிசு கால்ஸ்பேர்கென்சிசு என்று அவர் பெயரிட்டார். மறு ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் காலமானார். பிற்கால ஆய்வாளர் அந்த இனத்தை, 1870இல் பாஸ்டரின் நினைவாகப் பெயரிடப்பட்ட சக்கரோமைசிசு பாஸ்தோரியானுசு என்பதனுள் அடக்கிவிட்டனர். பாஸ்டரைத் திருத்தியவரின் மதுவம் இன்று பாஸ்டரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அது இரு இனங்களின் கலப்பு; அவ்விரண்டில் ஒன்று தென்னமெரிக்காவின் பற்றகோனியக் காட்டு மரங்களில் வாழ்வதென்பது 2011இல் வெளியாயிற்று.

பாண் சுடும் மதுவத்தைக் கொண்டு ஹன்சனின் முறையை எங்கள் ஆய்வுகூடத்திற் செய்து பார்த்தோம். பியர் வடித்தோம் என்று எவரும் எண்ணவேண்டாம். மதுவத்தை வளர்த்தோம், அவ்வளவே. முதன்முறை பன்னிரண்டு போத்தல்களிலும் பூஞ்சணம் படர்ந்தது. மூடியை நான் சரியாக அவிக்காததே காரணம். இரண்டாம் முறை ஏழாவது போத்தலின் அடியில் ஒரே ஒரு வெண்புள்ளி தெரிந்தது. அந்த மாணவி அதிலிருந்து ஒரு துளியை எடுத்துச் சீனிக் கரைசலிலிட்டு, அரக்கினால் மூடி, நாளைக் குறித்து அலுமாரியில் வைத்திருக்கிறாள். அடுத்த தை மாதம் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு.