கள்ளர் நாடு கொண்டாடும் மலையாள வக்கீல்: யார் இந்த ‘ரோசாப்பூ துரை’?

மதுரை யானைக்கல் பக்கம் தினமும் வண்டியில் போறவங்க அந்தச் சிலையைப் பார்த்திருப்பீங்க. ஆனா சிலையில் இருப்பவர் மதுரைக்காரர் இல்லை, தமிழரும் இல்லை. திருவிதாங்கூர் செங்கன்னூரில் 1887-ல் பிறந்த சிரியன் கிறிஸ்தவர். பெயர் ஜார்ஜ் ஜோசப். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெரியவர்களுக்கோ அவர் இன்றைக்கும் ‘ரோசாப்பூ துரை’தான்.

ஜோசப் என்ற பெயர்தான் ஊர் வாயில் ரோசாப்பூ ஆயிடுச்சு என்பது ஒரு கதை. கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருப்பார், அதனால் வந்த பெயர் என்பது இன்னொரு கதை. எது சரியாக இருந்தாலும், துரை என்று வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்ட காலத்தில், அந்த வெள்ளைக்காரர்களை எதிர்த்த வக்கீலுக்கும் மக்கள் அதே பட்டத்தைக் கொடுத்தார்கள்.

லண்டன் டூ மதுரை

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, எடின்பரோவில் தத்துவம், லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம். 1909-ல் பாரிஸ்டராக ஊர் திரும்பினார். சென்னையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மதுரைக்கு வந்து தொழிலைத் தொடங்கினார். நல்ல வருமானம் வரக்கூடிய தொழில்தான். ஆனா கவனம் அரசியல் பக்கம் திரும்பியது.

அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்தார். தன்னாட்சிக் கோரிக்கையைப் பிரிட்டனிலேயே போய்ப் பேசக் கிளம்பிய குழுவில் அவரும் இருந்தார். ஜிப்ரால்டரில் கப்பலை மறித்து, குழுவைத் திருப்பி அனுப்பியது அரசு. 1918-ல் டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது மதுரையில் வழக்கு வந்தபோது, அவருக்காக ராஜாஜி வாதாட, துணை நின்றவர் ஜோசப். மதுரை ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ரேகைச் சட்டம் என்றால் என்ன?

1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி கள்ளர்கள் மீது 1914-ல் அதைப் பாய்ச்சினார்கள். பிறகு ஊர் ஊராகப் பரவியது.

சட்டத்தின் அடிப்படை எளிது, கொடூரமானதும்கூட. ஒருவர் என்ன தப்பு செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே போதும். ஆண்கள் கைரேகையைப் பதிய வேண்டும். ராத்திரியில் வீட்டில் படுக்க முடியாது, போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுக்கணும். வெளியூர் போக ‘ராதாரிச் சீட்டு’ வாங்கணும். விதியை மீறினால் ஜெயில். புதுசாகக் கல்யாணம் ஆனவருக்கும், அறுவடைக்கு வெளியூர் போகிறவருக்கும் இதேதான்.

1920 ஏப்ரல் 3-ல், உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்கள் பலர் கைதானார்கள்.

படிப்பறிவு குறைவு, பணம் இல்லை, பக்கத்தில் நிற்க ஆளும் இல்லை. அந்த நேரத்தில் கள்ளர்களுக்காக கோர்ட்டிலும் பத்திரிகையிலும் பேசியவர் ஜோசப். குற்றம் என்பது தனி மனிதரின் செயல். அதை ஒரு சமூகத்தின் ரத்தத்தில் எழுதி வைக்கக் கூடாது என்பதே அவர் வாதத்தின் சாரம். இன்றைக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கருத்து, அன்றைய அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, ஊரின் ‘கௌரவமான’ மனிதர்கள் பலருக்கும் கசந்தது.

காந்தியோடு எங்கே முரண்பட்டார்?

ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலையே விட்டார். அலகாபாத் போய் மோதிலால் நேருவின் ‘இண்டிபெண்டன்ட்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1921-ல் கைதாகி, ஜவஹர்லால் நேருவோடு லக்னோ சிறையில் இருந்தார். விடுதலையான பிறகு, 1923-ல் காந்தியின் ‘யங் இந்தியா’வை நடத்தினார். அப்போது காந்தி சிறையில் இருந்தார்.

1924-ல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. தலைவர்கள் கைதாக, ஜோசப் முன்னால் நின்றார். இதை இந்துக்களே நடத்தட்டும், நீங்கள் விலகியிருங்கள் என்று காந்தி கருத்துச் சொன்னார். ஜோசப்போ இதை மதச் சடங்காகப் பார்க்கவில்லை. பொதுத் தெருவில் நடக்கும் குடிமக்களின் உரிமையாகப் பார்த்தார். பின்வாங்காமல் கைதானார். வைக்கத்துக்கு வாருங்கள் என்று பெரியாருக்கு எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

திரும்பவும் மதுரை

1925-வாக்கில் மதுரைக்குத் திரும்பி மறுபடி கோட் போட்டார். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் சிக்கவைக்கப்பட்ட காமராஜருக்காக, வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து வாதாடினார். குற்றச்சாட்டு நிற்கவில்லை. பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்ட ஒருவரின் வாழ்க்கை அன்றைக்கு எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம்.

1937-ல் காங்கிரஸ் சார்பில் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். ஆனா அந்தப் பதவியில் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. 1938 மார்ச் 5-ல் மதுரையில் இறந்தபோது அவருக்கு வயது 50.

இப்போது ஏன் தெரிந்துகொள்ளணும்?

அவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ரத்தானது. நாடு முழுக்க ஒழிய 1952 ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை. இன்று அரசுச் சான்றிதழில் வரும் ‘சீர்மரபினர்’ என்ற சொல்லின் பின்னால் இருப்பது இந்தக் கதைதான். மதுரைப் பக்கம் இன்றைக்கும் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதே காலத்தின் மிச்சம்.

ஜோசப்புக்கு அந்த மக்களோடு சாதியிலோ மதத்திலோ மொழியிலோ சொந்தம் கிடையாது. அவர்கள் ஓட்டை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலையிலும் அவர் இல்லை. அப்படியும் பக்கத்தில் வந்து நின்றார். கள்ளர் நாட்டில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தது அந்தக் கடனைத் தீர்க்கத்தான்.